மீனுக்கு ஏன் நம்ம குழாய்த் தண்ணி ஆகாது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது. நாலு கோல்டு ஃபிஷ்ஷை நான் கொன்னிருக்கேன். வேணும்னு இல்ல, அக்கறையா தண்ணி மாத்தி.

எங்க வீடு புதுச்சேரி கருவடிக்குப்பத்துல. பாரதியாரோட குயில் தோப்பு இருக்கிற அதே ஊர். அக்கா பொண்ணுக்கு எட்டு வயசு. அவ பிறந்தநாளுக்கு ரெண்டடித் தொட்டியும் அஞ்சு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாசம் ஒரு பிரச்சனையும் இல்ல. வாரா வாரம் மாடித் தொட்டியில இருந்து வர்ற தண்ணியைப் பிடிச்சு ஊத்துவேன், மீனும் ஜாலியா சுத்தும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மோட்டார் ரிப்பேர். மாடித் தொட்டி காலி. வாசல்ல தெருக்குழாய் லைன்ல நேரா தண்ணி வந்துட்டிருந்தது. நாலு வாளி பிடிச்சு, பாதித் தொட்டிக்கு மேலயே மாத்திட்டேன். அரை மணி நேரத்துல மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. சாயந்தரத்துக்குள்ள நாலு போச்சு. "நீ தண்ணி மாத்துனதாலயா மாமா?"ன்னு பாப்பா கேட்டா. "இல்லம்மா, ஏதோ நோய்"னு சொன்னேன். அது பொய்.

அப்படி அந்தத் தண்ணியில என்ன இருந்துச்சு?

நம்மைக் காப்பாத்துற குளோரின்தான். குடிநீர்ல இருக்கிற கிருமியைக் கொல்ல குளோரின் வாயுவோ பிளீச்சிங் பவுடரோ கலக்குறாங்க. அமெரிக்காவுல ஜெர்சி சிட்டியில 1908-ல ஊர் முழுக்கப் போற தண்ணிக்குத் தொடர்ந்து குளோரின் போட ஆரம்பிச்சாங்க. பாரதியார் புதுச்சேரிக்கு வந்ததும் அதே வருஷம்தான். அதுக்கப்புறம் காலரா, டைபாய்டுல இருந்து உலகம் முழுக்க எத்தனையோ பேர் தப்பிச்சதுக்கு இந்தக் குளோரின் ஒரு முக்கியமான காரணம். அதனால அதை வில்லனாக்க வேண்டாம்.

இந்தியத் தரக்கட்டுப்பாட்டுப்படி, குழாய்ல வர்ற தண்ணியில லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும். வழியில குழாய் ஒழுகி சாக்கடை கலந்தா கூட கிருமி சாகணும்ல, அதுக்குத்தான். மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் கூடப் போடுவாங்க.

நம்ம அதைக் குடிச்சா வயித்துல இருக்கிற சாப்பாட்டோட வினையாகி முடிஞ்சு போயிடும். மீனுக்கு அப்படி இல்ல. அதோட செவுள் ரொம்ப மெல்லிசான தோல். அதுக்கு அந்தப் பக்கம் உடனே ரத்தம். குளோரின் அந்தத் தோலை நேரடியா அரிக்குது. தண்ணியில ஆக்சிஜன் இருந்தும் மீனால மூச்சு விட முடியாது. நமக்கு 0.2 பாதுகாப்பான அளவு. மீனுக்கு அதுல பத்துல ஒரு பங்கே தொந்தரவு.

அப்போ ஆறு மாசம் ஏன் ஒண்ணும் ஆகல?

என்னை ரொம்ப நாள் குழப்பின கேள்வி இது. விடை மாடித் தொட்டியில இருந்தது. குளோரின் ஒரு வாயு. தண்ணி சம்ப்புல விழுந்து, மோட்டார்ல ஏறி, தொட்டியில வெயில் சூட்டுல ஒரு நாள் ரெண்டு நாள் கிடக்கும்போது பெரும்பகுதி போயிடும். நான் திறமையா மீன் வளர்க்கல மக்களே, எங்க மாடித் தொட்டி வளர்த்துச்சு. நேர் லைன்ல பிடிச்ச அன்னைக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல.

சரி, என்ன செய்யணும்?

முதல் வழி, காசில்லாத வழி. வாய் அகலமான வாளியில பிடிச்சு, மூடாம 24 மணி நேரம் வைங்க. உள்ள ஒரு ஏர் பம்ப் போட்டா இன்னும் சீக்கிரம் போகும்.

ரெண்டாவது, மீன் கடையில 'ஆன்டி குளோரின்'னு விக்கிற கண்ணாடிக் கல்லு மாதிரி உப்பு. அதோட பேர் சோடியம் தயோசல்ஃபேட். ஃபிலிம் காலத்து போட்டோ ஸ்டுடியோக்காரங்களைக் கேளுங்க, "ஹைப்போ"ம்பாங்க, அதேதான். குளோரினை அது உடனே சாதாரண குளோரைடா மாத்திடும். 100 மில்லி தண்ணியில 10 கிராம் கரைச்சு பாட்டில்ல வச்சுக்குங்க. 10 லிட்டர் வாளிக்கு அதுல 1 மில்லி போதும், ஊசி இல்லாத சிரிஞ்ச்ல அளந்துக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் இது தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. சில ஊர்கள்ல குளோரினோட அம்மோனியா சேர்த்து 'குளோரமைன்' போடுவாங்க. அமெரிக்காவுல இது சகஜம். அது வாளியில வச்சா சீக்கிரம் போகாது. ஹைப்போ போட்டாலும் அம்மோனியா மிச்சம் இருக்கும், அதுவும் மீனுக்கு விஷம். வெளிநாட்டுல இருந்து கேக்குறவங்க, உங்க ஊர்ல எது போடுறாங்கன்னு விசாரிச்சுட்டு அதுக்கேத்த மருந்து வாங்குங்க.

போர் தண்ணியும் ஆர்.ஓ.வும்

"எங்க வீட்டுல போர் தண்ணிதான், குளோரினே இல்ல"ன்னு சிலர் சொல்வீங்க. உண்மைதான். ஆனா பூமிக்குள்ள இருந்து புதுசா வர்ற தண்ணியில ஆக்சிஜன் கம்மியா, கார்பன் டை ஆக்சைடு கூட இருக்கலாம். அதையும் ஒரு ராத்திரி காத்தடிக்க விடுங்க. கடலோர ஊர்கள்ல உப்பும் கடினத்தன்மையும் கூட இருக்கும். மோலி, கப்பி அதைத் தாங்கும். மென்மையான தண்ணி கேக்குற மீனை அங்க வாங்காதீங்க. ஊர்த் தண்ணிக்கு ஏத்த மீனை வாங்குறது தண்ணியை மாத்துறதை விட சுலபம்.

ஆர்.ஓ. தண்ணியை மட்டும் ஊத்துறதும் தப்பு. அதுல தாது உப்பு கிட்டத்தட்ட இல்ல, பி.எச். திடீர்னு இறங்கிடும்.

இன்னொண்ணு. ஃபில்டர் ஸ்பான்ஜை குழாய்க்கு அடியில கழுவாதீங்க. மீனோட கழிவுல வர்ற அம்மோனியாவைத் தின்னு மாத்துற நல்ல பாக்டீரியா அதுலதான் குடியிருக்கு. குளோரின் அதையும் கொல்லும். தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே அலசுங்க. ஒரு தடவைக்கு நாலுல ஒரு பங்கு தண்ணி மாத்தினா போதும்.

என்னை மாதிரி ஏற்கெனவே ஊத்திட்டா?

மீன் மேல வந்து மூச்சுக்குத் தவிச்சா, பதறிப்போய் அதே குழாய்த் தண்ணியில இன்னொரு தடவை மாத்தாதீங்க. முழுத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு ஹைப்போ கரைசலை உடனே ஊத்துங்க. ஏர் பம்ப்பை முழு வேகத்துல வைங்க. சாப்பாடு போடாதீங்க. இது எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு மூணு பிழைச்சிருக்கலாம். ஒரு கிராம் உப்பு, அவ்வளவுதான்.

போன மாசம் பாப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இனிமே தண்ணி நான்தான் பிடிப்பேன் மாமா"ன்னா. இப்போ சனிக்கிழமை சாயந்தரம் வாளியை நிரப்பி வச்சு, மேல 'நாளைக்கு'ன்னு பேப்பர் ஒட்டி வைக்கிறா. பிழைச்ச அந்த ஒரு மீன் இன்னும் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும், இன்னைக்கே ஒரு வாளி பிடிச்சு வைங்க.