தீவு எலியைக் கொன்ற கப்பல் எலி

எலி இனம் ஒன்று அழிகிறது என்றால் "நல்லதுதானே!" என்று சிரிக்கும் நேயர்கள் உண்டு. ஆனால், துறைமுகத்திலும் கடைவீதியிலும் ஓடும் எலி வேறு, கடல் நடுவே ஒரு தீவில் மட்டும் வாழும் எலி வேறு. முன்னது போய்ச் சேர்ந்த இடத்தில் பின்னது பிழைப்பது அரிது. 1958 வரை சிங்கப்பூரோடு இணைத்து நிர்வகிக்கப்பட்ட கிறிஸ்மஸ் தீவே இதற்குச் சான்று.

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அத்தீவில், வேறெங்கும் இல்லாத இரண்டு எலி இனங்கள் இருந்தன. ஒன்று மேக்லியர் எலி. 1897-98இல் அங்கு தங்கி ஆராய்ந்த சார்லஸ் ஆண்ட்ரூஸ், இவை இரவில் கூட்டம் கூட்டமாகக் கூடாரத்துக்குள் புகுந்து, தூங்குவோர் மீது ஏறி ஓடி, சாமான்களை உருட்டியதை எழுதியிருக்கிறார். மற்றொன்று புல்டாக் எலி. மந்தமான பிராணி, முதுகில் தடித்த கொழுப்பு, குன்றுக் காடுகளில் வளை தோண்டி வாழ்ந்தது. பகல் வெளிச்சம் பட்டால் திகைத்துப் போகுமாம்.

தீவில் பாஸ்பேட் சுரங்க வேலை தொடங்கியிருந்த காலம் அது. 1899இல் 'ஹிந்துஸ்தான்' என்ற கப்பலில் கருப்பெலிகளும் வந்திறங்கின. ஓரிரு ஆண்டுகளிலேயே, இரவில் மட்டும் நடமாடும் மேக்லியர் எலிகள் நோயுற்றுப் பட்டப்பகலில் பாதைகளில் தள்ளாடுவதை ஹெர்பர்ட் டர்ஹாம் என்ற ஆய்வாளர் கண்டார். 1908இல் ஆண்ட்ரூஸ் திரும்பி வந்து தேடியபோது இரண்டு இனத்திலும் ஒன்றுகூட அகப்படவில்லை. கூடாரத்தையே அதகளப்படுத்திய கூட்டம் பத்தே ஆண்டுகளில் மாயமாகிவிட்டது!

பூனையோ பொறியோ இதைச் செய்யவில்லை. அருங்காட்சியகங்களில் இருந்த பழைய எலித்தோல்களின் மரபணுவைச் சோதித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. கப்பல் வருவதற்கு முன் பிடிபட்ட எலிகளில் இல்லாத டிரிபனோசோம் என்ற இரத்த ஒட்டுண்ணி, பின்னர் பிடிபட்டவற்றில் இருந்தது. தெள்ளுப்பூச்சி மூலம் பரவும் இந்தக் கிருமி கருப்பெலிக்குப் பழகிப்போன ஒன்று. தீவு எலியின் உடலோ அதை அறிந்ததே இல்லை.

மேக்லியர் எலியை மீண்டும் உருவாக்க முடியுமா என்றும் அறிவியலாளர்கள் பார்த்துவிட்டார்கள். 2022இல் வெளிவந்த ஆய்வில் அதன் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 95 விழுக்காடு கிடைத்தது. கிடைக்காத பகுதியில் மோப்பம், நோய் எதிர்ப்பு சார்ந்த மரபணுக்கள் அடங்கும். மோப்பம் தெரியாத எலி என்ன எலி?

ஆகவே, உயிரோடு இருப்பவற்றைக் காப்பதே சுலபம். பசிபிக் கடலின் காலாபாகஸ் தீவுகளிலும் கருப்பெலி பரவியிருக்கிறது. அது நுழையாத பெர்னாண்டினா தீவில் நாட்டு எலி இனங்கள் இரண்டு இன்னமும் வாழ்கின்றன. கருப்பெலி நுழைந்தும் நாட்டெலி தப்பியது சாந்தியாகோ தீவில் மட்டுமே. 1906க்குப் பிறகு காணாமல் அழிந்ததாக எண்ணப்பட்ட அந்த இனம், 1997இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. சப்பாத்திக் கள்ளி அடர்ந்த வறண்ட கடலோரத்தில், கள்ளிப் பழத்தை நம்பி அது காலம் தள்ளுகிறது.