துவாயை எறிபவர் யார்?

ஒருவர் முயற்சியைக் கைவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டால், அவர் துவாயை எறிந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் கூறுவர். பெரும்பாலும் சற்று இகழ்ச்சியுடனேயே இச்சொற்றொடர் வழங்குகிறது. இது குத்துச்சண்டை மேடையில் பிறந்தது. 19 ஆம் நூற்றாண்டில், வீரனின் முகத்து இரத்தத்தைத் துடைக்கும் கடற்பஞ்சையே மேலே எறிந்தனர். துவாய் அதன் இடத்தைப் பிடித்தது பின்னரே.

ஆனால், அடிபடும் வீரன் அதை எறிவதில்லை. அவன் இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கிறான். மேடையின் மூலையில் நின்று அவனுக்கு நீர் கொடுத்து, காயம் துடைத்துவிடும் பயிற்றுநரே எறிகிறார். இவன் பட்ட அடி போதும் என்பதே அதன் பொருள்.

1975 ஒக்டோபர் முதலாம் திகதி, பிலிப்பைன்ஸின் கெசோன் நகரில் மொஹமட் அலியுடன் ஜோ பிரேசியர் மோதினார். 14 சுற்றுகள் முடிந்தபோது அவருடைய கண் வீங்கிப் பார்வை மங்கியிருந்தது. அவரோ இறுதிச் சுற்றுக்கும் ஆயத்தமானார். பயிற்றுநர் எடி ஃபுச் விடவில்லை, போட்டியை நிறுத்திவிட்டார். 1982 நவம்பரில் தென்கொரிய வீரர் கிம் டுக் கூ, வேறொரு போட்டியின் 14 ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிரிழந்தார். அதன் பின்னரே உலகக் குத்துச்சண்டைப் பேரவை 15 சுற்றுகளை 12 ஆகக் குறைத்தது.

அன்பானவர்களே, மூலையில் நிற்பவரின் பொறுப்பு நமக்கும் வருவதுண்டு. கணவனிடம் அடிவாங்கித் தாய்வீடு வரும் மகளை, "பொறுத்துக்கொள் பிள்ளை, இது ஆண்டவர் தந்த சிலுவை" என்று திருப்பியனுப்பும் பெற்றோர் எத்தனை பேர்! பங்குப் பணிமனைகளிலும் இவ்வறிவுரை வழங்கப்பட்டதுண்டு. ஆண்டவர் தம் சிலுவையைத் தாமே விரும்பி ஏற்றார். இன்னொருவர் முதுகில் விழும் அடிக்குச் சிலுவை எனப் பெயரிட நமக்கு யார் உரிமை தந்தது?

இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டுமென்று மன்றாடினார். இறைவன் அவரைக் கோழையென்று கடியவில்லை. வானதூதர் வழியே அப்பமும் நீரும் அனுப்பினார். உண்டபின் மீண்டும் உறங்கவும் விட்டார்.

திருச்சபைச் சட்டமும் இவ்விடயத்தில் மௌனமாயில்லை. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ கடும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டென 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1153 ஆம் இலக்கம் கூறுகிறது. திருமணப் பிணைப்பு அதனால் அறுந்துவிடாது. பிரிவதற்கு ஆயரின் ஆணை பெறப்பட வேண்டும். எனினும், தாமதிப்பது ஆபத்தாயின், பாதிக்கப்பட்டவர் தாமாகவே பிரிந்து செல்லலாம்.