தப்பாகச் சொன்ன பிறகு

டீ குடித்துக்கொண்டே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. வீட்டில் நாலைந்து வயதில் ஒரு குழந்தை இருந்தால் போதும். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலும் சமமாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்று சொல்லும். இப்போது அதன் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான, உயரமான கிளாஸுக்கு மாற்றிவிட்டு, எதில் அதிகம் என்று கேளுங்கள். உயரமான கிளாஸில்தான் என்று அடித்துச் சொல்லும். ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லையே என்று நீங்கள் வாதாடினாலும் எடுபடாது.

விடை தப்பு. சரி, அடுத்து பெரியவர் என்ன செய்கிறார்? கற்றல் கோட்பாடுகள் என்று கனமான பெயரில் சொல்லப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் முதல் தாளில் குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைகளுக்கும் 30 கேள்விகள். பியாஜே சொன்ன நிலைகள் எத்தனை, வைகாட்ஸ்கியின் கொள்கை எது என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பயிற்சி மையங்களில் உருப்போடுகிறார்கள். உருப்போடுவது கற்றல் ஆகாது என்று சொன்ன மனிதர்களையே உருப்போடுகிறோம். அந்த வேடிக்கை இருக்கட்டும்.

நம் எல்.கே.ஜி. வகுப்புகளில் அதிகம் நடப்பது என்ன? “இல்லடா கண்ணா, ரெண்டும் சமம். எங்க, சொல்லு... சமம்.” குழந்தை திருப்பிச் சொல்கிறது. “வெரி குட்!” கையில் ஒரு ஸ்டார். இந்த ஸ்டாருக்குப் பின்னால் நிற்பவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். ஒரு செயலை அடுத்து இனிமையான ஏதோ ஒன்று கிடைத்தால் அந்தச் செயல் மறுபடி நடக்கும். ஆகவே பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கு, சரியான விடைக்கு உடனுக்குடன் பலன் கொடு என்றார். 1953இல் மகளின் கணக்கு வகுப்பைப் போய்ப் பார்த்தார். போட்ட கணக்கு சரியா தப்பா என்று தெரியாமலே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கற்பிக்கும் இயந்திரம் ஒன்றையே செய்தார். ஸ்கேலால் அடிப்பதையும் சிலர் அவர் கணக்கில் எழுதுகிறார்கள். அது நியாயமில்லை. தண்டனை அந்த நேரத்துக்கு அடக்கிவைக்குமே தவிர எதையும் கற்றுத்தராது என்பதுதான் அவர் கட்சி.

சாப்பிடும் முன் கை கழுவவும் செருப்பை வரிசையில் விடவும் பழக்க, ஸ்டார் நன்றாகவே உதவும். குழந்தை ஏற்கனவே ஆசையாகச் செய்கிற காரியத்தில் ஸ்டார் நுழைந்தால்தான் சங்கடம். 1973இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் பிரியமுள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டு, யார் எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசு கிடைக்கும் என்று தெரிந்து வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, கெடுத்தது பரிசு அல்ல, பேரம். “ஏ பி சி டி எழுதினால் சாக்லேட்” என்று தினமும் பேரம் பேசுகிற வீடுகளில் இதை ஒட்டிவைக்கலாம்.

அந்தத் தண்ணீர்ச் சோதனையைப் பிரபலமாக்கிய ஜான் பியாஜே சுவிட்சர்லாந்துக்காரர். இளைஞராக இருந்தபோது பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் கேள்விகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. சரியான விடைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டிய சலிப்பான வேலை. அவர் கவனமோ தப்பான விடைகள் பக்கம் போனது. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமாகத் தப்புச் செய்தார்கள். அப்படியானால் அது கவனக்குறைவு இல்லை. அந்த வயதுக்கென்று ஒரு தர்க்கம் இருக்கிறது. நாலு வயதுக்கு உயரம் மட்டுமே கண்ணில் படுகிறது. உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பார்க்கவும், ஊற்றியதைத் திருப்பி ஊற்றினால் பழையபடி ஆகும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கவும் ஏழு வயது வாக்கில்தான் கைகூடுகிறது என்றார். விடையை வாயில் ஊட்டாதே. மணலும் தண்ணீரும் விதவிதமான பாத்திரமும் கொடு, அது ஊற்றி ஊற்றிக் கண்டுபிடிக்கட்டும் என்பது இதிலிருந்து ஆசிரியர்கள் எடுத்துக்கொண்ட பாடம். மழலையர் வகுப்பில் தண்ணீர்த் தொட்டி இருப்பது வெறும் விளையாட்டுக்காக அல்ல. இந்த வளர்ச்சியைச் சீக்கிரப்படுத்த முடியாதா என்று அமெரிக்காவில் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அதற்கு அவர் ‘அமெரிக்கக் கேள்வி’ என்றே பெயர் வைத்தார். இன்று நம் ஊர் அட்மிஷன் வரிசையில் நின்றிருந்தால் பெயரை மாற்றியிருப்பார்.

பியாஜேயும் முழுக்கச் சரியில்லை. 1970களில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகல், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் இதே வகைச் சோதனையைச் சற்று மாற்றினார்கள். இரண்டு வரிசை வில்லைகள், எண்ணிக்கை சமம். பெரியவர் ஒரு வரிசையைப் பரப்பி வைத்துக் கேட்டால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று பெரும்பாலான குழந்தைகள் சொன்னார்கள். பெட்டியிலிருந்து ஒரு குறும்புக் கரடிப் பொம்மை பாய்ந்து வந்து வரிசையைக் கலைப்பதுபோல் காட்டியபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். ஏன்? பெரியவர் எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முன்பு சொன்னது தப்பு போல என்று குழந்தை நினைக்கிறது. “நல்லா பாத்து சொல்லு” என்று டீச்சர் சொன்னதும் சரியான விடையை மாற்றிக்கொண்ட அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

மரியா மாண்டிசோரி இந்தத் தர்மசங்கடத்திலிருந்து பெரியவரையே விலக்கிவைத்தார். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து பிறந்த சாதனங்களில் ஒன்று, பத்து மர உருளைகளும் அவற்றுக்கான பத்துக் குழிகளும். ஓர் உருளையைத் தப்பான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். தப்பைச் சொல்வது கட்டைதான். குழந்தைக்கு அவமானமும் இல்லை, ஸ்டாரும் இல்லை. 1939இல் அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க வந்தவரை இரண்டாம் உலகப் போர் இங்கேயே நிறுத்திவைத்தது. கொடைக்கானலிலும் வாழ்ந்து குழந்தைகளோடு வேலை செய்தார்.

ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கிக்குப் பெரியவர் இப்படி ஒதுங்கி நிற்பது போதாது. பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, காசநோயால் 37 வயதில் இறந்தவர். குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும், துணையிருந்தால் செய்ய முடிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. கற்பித்தல் நடக்க வேண்டிய இடம் அதுதான் என்றார். ஆறு புளியங்கொட்டைகளை ஒரு குழந்தை ஏழு என்று எண்ணுகிறது என்று வையுங்கள். ஆறு என்று சொல்லிவிட்டால் பாடம் முடிந்துபோகும். “எண்ணினதை இந்தப் பக்கம் தள்ளி வச்சு எண்ணு பாப்போம்” என்றால், ஒன்றை இரண்டு முறை எண்ணியது அதற்கே பிடிபடும். இந்த உதவியைக் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டது ஜெரோம் புரூனரும் அவருடைய கூட்டாளிகளும் 1976இல் எழுதிய கட்டுரை. சுவர் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். கையைப் பிடித்தே எழுதவைக்கிற டீச்சர் அதைப் பிரிப்பதே இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டு ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் இவர்கள் பலரும் கலந்திருந்தார்கள். ஏணிப்படி, அட்டைகள், கீழ்மட்டக் கரும்பலகை, படங்கள் தொங்கும் கம்பிப் பந்தல், எல்லாம் ஞாபகம் இருக்கலாம். ஆசிரியர் துணையோடு ஒரு குழு, சக மாணவர் துணையோடு ஒரு குழு, தானே செய்கிற ஒரு குழு என்று பிரித்தது அப்படியே வைகாட்ஸ்கி. கூட்டமான வகுப்பில் அட்டையை நிரப்புவதே வேலையாகிப்போன இடங்களில் அது சோர்ந்துபோனதும் உண்மை.

அடுத்த முறை பள்ளி பார்க்கப் போகும்போது, வாசலில் மாண்டிசோரி என்று எழுதியிருக்கிறதா, ஏ.சி. இருக்கிறதா என்பதை அப்புறம் பாருங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு வகுப்பின் ஓரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு குழந்தை தப்பாகச் சொல்லும்வரை காத்திருந்து, “அப்படியா, எப்படிச் சொல்ற?” என்று டீச்சர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால், ஃபீஸ் பற்றிப் பேசலாம்.