புதினங்களைப் படித்தலும் பரிந்துரைத்தலும்: ஓர் ஆயர்பணிப் பார்வை

ஜான் பனியன் 1678ஆம் ஆண்டில் 'மோட்சப் பிரயாணம்' என்னும் தம் நூலை வெளியிட்டபோது, அதன் முகப்பிலேயே தம் செயலுக்கு விளக்கமொன்றைச் செய்யுளில் எழுத வேண்டியிருந்தது. அச்சிடலாம் என்றனர் நண்பர் சிலர். ஆகாது என்றனர் வேறு சிலர். கற்பனைக் கதையினால் மெய்ப்பொருளை உணர்த்தலாகுமா என்பதே அவர்களுடைய ஐயம். அந்த ஐயம் சீர்திருத்தத் திருச்சபைகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஆயினும், நாத்தான் இறைவாக்கினர் தாவீதின் முன் நின்றபோது கட்டளையை எடுத்து ஓதவில்லை. ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதையே சொன்னார். நம் ஆண்டவரும் உவமைகளாலே போதித்தார். எனவே, கதை ஆகுமா ஆகாதா என்பது இன்று நம்முன் உள்ள வினா அன்று. எந்தக் கதையை, யாருக்கு, எந்நிலையில் கொடுப்பது என்பதே வினா.

பக்தியூட்டும் நோக்குடன் எழுதப்படும் காதற் புதினங்களும் வரலாற்றுப் புதினங்களும் மர்மப் புதினங்களும் வட அமெரிக்காவில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளன. ஆங்கிலம் படிக்கும் நம் சபையார் சிலரும் இவற்றைப் படிக்கின்றனர். 'ஐயா, இது நல்ல நூலா?' என்று நம்மிடம் கேட்கின்றனர். நூலில் தகாத சொல் இல்லை, ஜெபம் உண்டு, மனந்திரும்புதல் உண்டு என்று கண்டவுடன் 'நல்ல நூல்' என்று விடை கூறிவிடுவது எளிது. அது போதாது என்பதே நம் கருத்து. ஒவ்வொரு கதைவகைக்கும் உரிய ஒரு விதி உண்டு. அவ்விதி எழுத்து வகையின் விதியேயன்றிக் கடவுள் அருளிய வாக்குறுதி அன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய வாசகருக்குத் துணைநிற்பதே பரிந்துரைக்கும் ஆயரின் முதற்கடமை.

1. வரலாற்றுப் புதினம்

லூ வாலஸ் எழுதிய 'பென்-ஹர்' 1880ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தவர் அவர். 1876ஆம் ஆண்டில் இரயில் பயணமொன்றில், மறுப்பாளரான இராபர்ட் இங்கர்சாலுடன் உரையாடியபோது, தம் சமயத்தைப் பற்றித் தாம் எவ்வளவு சிறிதே அறிந்திருக்கிறோம் என உணர்ந்து நாணியதாக அவரே குறிப்பிட்டுள்ளார். அந்நாணமே ஆழ்ந்த படிப்பிற்கு அவரைத் தூண்டியது. பாலஸ்தீன நாட்டை நேரிற் காணாமலே, நூல்களையும் வரைபடங்களையும் கொண்டு அவர் அக்கதையை எழுதி முடித்தார்.

வாளேந்தி அரசாளும் மேசியாவுக்காகப் படை திரட்டும் யூத இளைஞன் ஒருவன், சிலுவையடியில் தன் எண்ணம் தலைகீழாவதைக் காண்கிறான். முதல் நூற்றாண்டு யூதரின் எதிர்பார்ப்பை மாணவர் உள்ளத்தில் பதிய வைப்பதில் பல விளக்கவுரைகள் செய்யாததை இக்கதை செய்கிறது. ஆனால், சங்கிலியால் பிணிக்கப்பட்ட அடிமைகள் உரோமைப் போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கும் அதன் புகழ்பெற்ற காட்சி வரலாற்றுக்கு ஒத்ததன்று. உரோமைக் கடற்படையில் துடுப்பு வலித்தவர் பெரும்பாலும் அடிமைகள் அல்லர் என்பது வரலாற்றறிஞர் முடிபு. புதினத்திற் கண்டதைப் பிரசங்க பீடத்தில் வரலாறாக எடுத்துரைக்கும் தவறு நம்மிடையே நேராமல் இருக்கட்டும். காட்சியைப் புதினம் தரலாம். சான்றை வேறிடத்தில் தேட வேண்டும்.

2. மர்மப் புதினம்

பிராங்க் பெரெட்டியின் 'திஸ் பிரசண்ட் டார்க்னஸ்' 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிற்றூர் ஒன்றைக் கைப்பற்ற முயலும் மறைமுகச் சூழ்ச்சியையும், அதன் பின்னணியில் தேவதூதருக்கும் பேய்களுக்கும் நிகழும் போரையும் அது சித்திரிக்கிறது. எளிய விசுவாசிகள் சிலரின் ஜெபம் அப்போரின் போக்கையே மாற்றுகிறது. தம் ஜெபத்தினால் என்ன பயன் என்று சோர்ந்திருக்கும் முதியோருக்கு இது ஊக்கமளிக்கக்கூடும்.

எனினும் மர்மக் கதையின் விதி யாது? பகைவன் யார் என்பது இறுதியில் வெளிப்பட்டே ஆக வேண்டும். இவ்விதியைச் சபை வாழ்வுக்குள் கொண்டுவரும் வாசகர், தமக்கு மாறுபட்டவரிடமெல்லாம் பேயைத் தேடத் தொடங்குவர். மனநோயுற்ற மகனுக்கு மருத்துவம் தேடாமல் விரட்டுதலை மட்டும் தேடும் பெற்றோர், அயலாரின் சமயத்தைச் சூழ்ச்சியாகவே காணும் இளைஞர் ஆகியோரிடம் இந்நூலைக் கொடுக்குமுன் நாம் தயங்க வேண்டும். இந்நூலின் தலைப்பு நினைவூட்டும் எபேசியர் 6:12, நமது போராட்டம் மனிதரோடு அன்று என்றே கற்பிக்கிறது.

3. காதற் புதினம்

ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. கணவனைத் திடீரென இழந்த கருவுற்ற இளம்பெண் ஒருத்தி, தாயற்ற சிறுமியை வளர்க்கும் ஒருவனைத் தேவையின்பொருட்டு மணக்கிறாள். அன்பு பின்னர் மெல்ல அரும்புகிறது. துக்கத்திற்குக் காலம் தேவை என்பதையும், அன்றாடக் கடமைகளினூடே அன்பு வளரும் என்பதையும் இக்கதை எளிமையாக உணர்த்துகிறது.

பிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்' இதனினும் கடினமானது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்து, பின் திருத்தப்பட்ட இப்புதினம், ஓசியா இறைவாக்கினரின் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கலிபோர்னியப் பொன்வேட்டைக் காலத்தில் வைத்துச் சொல்கிறது. சிறுவயதிலேயே விபசாரத்திற்கு விற்கப்பட்ட பெண்ணை மைக்கேல் ஓசியா என்னும் உழவன் மணக்கிறான். அவள் மீண்டும் மீண்டும் ஓடிப்போகிறாள். அவன் அன்பு மாறவில்லை. இறுதியில் அவளாகவே திரும்புகிறாள். தான் அன்புக்குத் தகுதியற்றவள் என்று நம்பும் உள்ளத்தின் வேதனையை இந்நூல் ஆழமாகக் காட்டுகிறது.

காதற் புதினத்தின் விதி இருவரும் இறுதியில் இணைந்தே ஆக வேண்டும் என்பது. திருமறையின் ஓசியா நூலோ அவ்விதிக்கு அடங்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் இறைவாக்கினர் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணைக் கொள்கிறார். அவள் பெயர்கூட அங்கே கூறப்படவில்லை. அவள் கோமேர்தானா என்பதுபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவள் அன்புகூர்ந்தாளா என்பதும் சொல்லப்படவில்லை. மேலும் இரண்டாம் அதிகாரத்தில் கணவனின் சினம் மனைவியை ஆடையுரித்து நிறுத்துவதாகவும், முள்வேலியால் அடைப்பதாகவும் பேசுகிறது. இவ்வுருவகம் துன்புறும் பெண்களின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை ரெனிட்டா வீம்ஸ் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் உணர்த்தியுள்ளார்.

இப்பொழுது, கணவனால் அடிபட்டு ஆயரிடம் வரும் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். மாறாத அன்பு இறுதியில் வென்றே தீரும் என்னும் கதையை அவள் கையில் கொடுத்தால், அவள் அதில் தன்னைத் தேடப்பட்டவளாகவா காண்பாள்? பெரும்பாலும் காணமாட்டாள். பொறுத்திருக்க வேண்டிய மைக்கேலாகவே தன்னைக் காண்பாள். கடவுளின் அன்பைக் குறிக்க எழுந்த உருவகம் அவளுடைய முதுகின்மேல் சுமத்தப்பட்ட கட்டளையாகிவிடும். நூலின் நோக்கம் அதுவன்று எனினும், நம் பரிந்துரை அதைச் செய்திருக்கும். அவளுக்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பான இடமும், அவள் சொல்வதை நம்பும் செவியும், தேவையாயின் சட்டத்தின் துணையுமேயாகும். புதினம் பின்னர் வரலாம், வராமலும் இருக்கலாம்.

4. பரிந்துரைக்கும் பணி

ஆகவே, நாம் முழுவதும் படிக்காத நூலைப் பிறருக்குக் கொடுத்தல் கூடாது. பதிப்பாளரின் பெயரோ முன்னுரையோ நம் படிப்புக்கு ஈடாகாது. இரண்டாவதாக, நூலை அறிந்தது போலவே ஆளையும் அறிந்திருத்தல் வேண்டும். மணமாகாத ஒருவருக்கு, விசுவாசத்தின் பரிசு திருமணமே என்று சொல்லும் கதை ஆறுதலாகாது. மூன்றாவதாக, கொடுத்த நூலைப்பற்றிப் பின்னர் உரையாடுதல் வேண்டும். 'நீங்கள் இக்கதையில் யாராக இருந்தீர்கள்?' என்னும் ஒரு கேள்வி, வாசகரின் உள்ளத்தை நமக்குத் திறந்து காட்டும். கதை எவ்வாறு முடிந்தது என்பதைவிட, அது முடியுமுன் அவர் எந்த இடத்தில் நின்று அழுதார் என்பதே ஆயருக்குப் பயன்படும் செய்தி.

நாத்தான் கதையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. கதை அரசனின் உள்ளத்தில் என்ன செய்தது என்பதைப் பார்த்து, அதற்கடுத்த சொல்லையும் சொல்ல அங்கேயே நின்றார். நூலைக் கொடுக்கும் நாமும் அவ்வாறே நிற்கக் கடமைப்பட்டுள்ளோம்.