ராத்திரி பல் தேய்ச்சாச்சா?

காலையில் காபி டம்ளரை நீட்டும் முன், "பல் தேய்ச்சியா?" என்று கேட்காத அம்மா தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அதே கேள்வியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கும் வீடுகள் குறைவு. ஆனால் இரண்டு வேளைகளில் பல்லுக்கு முக்கியமானது இரவுதான்.

காரணம் எச்சில். பகல் முழுக்கச் சுரக்கும் எச்சில் உணவுத் துணுக்கைக் கழுவுகிறது, அமிலத்தை மட்டுப்படுத்துகிறது, பல்லிலிருந்து கரைந்த கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியும் தருகிறது. தூக்கத்தில் அது மிகவும் குறைந்துவிடும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால், பல்லிடுக்கில் ஒட்டிய மைதா விடியும்வரை கிருமிகளுக்கு விருந்து.

எந்தப் பேஸ்ட், உப்பு இருக்கிறதா, கிராம்பு இருக்கிறதா என்று விசாரிக்கும் நாம், 'எப்போது' என்பதைக் கவனிப்பதில்லை. பல் விஷயத்தில் பெரும்பாலும் நேரம்தான் தீர்மானிக்கிறது.

இனிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே கல்யாண வீட்டில் ஒரே மூச்சில் நாலு லட்டு தின்றவரைவிட, ஆபீஸில் மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சுபவரின் பல்லுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இதை உலகத்துக்குக் காட்டியது, அறம் பிழைத்த ஓர் ஆய்வு. 1940-களில் ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்த விபெஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு ஒட்டிக்கொள்ளும் டாஃபிகளைக் கொடுத்துப் பல் சொத்தையாவதைக் கணக்கெடுத்தார்கள். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. முடிவுகள் 1954-இல் வெளிவந்தன. சாப்பாட்டோடு சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை; இடையிடையே டாஃபி மென்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. மிட்டாய் என்றால் சனிக்கிழமை மட்டும் என்ற பழக்கம் அந்த நாட்டில் பரவியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

பேஸ்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃப்ளோரைடு இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள், 1000 பி.பி.எம். அளவில் இருந்தால் போதும். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணியளவு, அதன் பிறகு ஆறு வயதுவரை பட்டாணியளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிந்து கிடப்பது விற்பனைக்காக. மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம். முடிந்ததும் நுரையைத் துப்புங்கள். சொம்புத் தண்ணீரில் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் கூடவே போய்விடும். தருமபுரி போல நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில், குழந்தைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்வது இன்னும் அவசியம். செங்கல் தூளும் உமிக்கரியும் எனாமலைத் தேய்த்துவிடும் என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினோம். இப்போது அதே கரி பளபளக்கும் டியூபில் விலை கூடித் திரும்பி வந்திருக்கிறது!

பெற்றோர் அதிகம் ஏமாறுவது ஆறு வயதில். அந்த வயதில் கடைசிப் பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் புதிதாக வருவதால் அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். சொத்தை விழுந்தால், "விழப்போற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. அதன் மேற்பரப்பில் பள்ளங்கள் ஆழமானவை. முளைத்த சில மாதங்களில் மருத்துவரிடம் காட்டினால் பிசின் பூசி அடைத்துவிடுவார். வலியும் இல்லை, ஊசியும் இல்லை.

நிமிடக் கணக்கு பார்க்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. விளையாடும்போது பிள்ளையின் நிரந்தர முன்பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடி அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. பல்லை அதே குழியில் பொருத்தி, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லி மருத்துவரிடம் ஓடுங்கள். பொருத்த முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கர்ச்சீப்பில் சுற்றினால் வேரிலுள்ள செல்கள் காய்ந்து செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளரும் பல்லைக் கெடுக்கும்.

வலியும் தன் கட்டத்தைச் சொல்லும். ஐஸ் பட்டதும் சுரீரென்று வந்து உடனே போனால் பெரும்பாலும் சின்ன வேலைதான். சூடு பட்டு நெடுநேரம் நீடித்தாலோ, ராத்திரி எழுப்பினாலோ, வேர் சிகிச்சை தேவைப்படலாம். அப்படி வலித்த பல் ஒருநாள் தானாக அடங்கினால் சந்தோஷப்படாதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கக்கூடும். கிராம்பு எண்ணெய் வலியைத் தற்காலிகமாக மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. கன்னம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"பல்லைச் சுத்தம் பண்ணினால் ஆட ஆரம்பித்துவிடும்" என்று பயந்தே பலர் பல் மருத்துவரிடம் போவதில்லை. ஈறும் எலும்பும் ஏற்கெனவே கரைந்த பல்லை, அதில் படிந்து இறுகிய காரைதான் ஒட்டிவைத்திருந்தது. அதை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான். செலவுக்கு அஞ்சுபவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகள் இருக்கின்றன. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறது.

பல் எடுக்கப் போகும்போது, சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து எதுவானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை நீங்களாக நிறுத்திவிட்டுப் போய் உட்கார வேண்டாம்.