தானாகப் பழகிய கைக்கு ஓர் ஆசிரியர்



இம்மாதம் கிற்றார் பழகுவது பற்றிப் பேசப் போகிறேன். நான் வித்துவான் அல்ல. முப்பது வருடங்களாகப் பிழையான முறையில் வாசித்து, பிறகு ஓர் ஆசிரியரிடம் போய்த் திருத்திக்கொண்டு வருகிற ஒருவன். அந்த அனுபவம் உங்களில் சிலருக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ உதவக்கூடும்.

1991ஆம் ஆண்டு கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் நான்கு பேர் இருந்தோம். அங்கிருந்து வேறு இடம் போன ஒருவர் தன் பழைய கிற்றாரை விட்டுச் சென்றார். நூலகத்தில் எடுத்த படப் புத்தகத்தைப் பார்த்து விரல்களை வைத்துப் பழகினேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாமே அப்படித்தான். பஸ் பாதை, ஆங்கிலம், வரிப் படிவம் எல்லாவற்றையும் கேட்டும் பார்த்தும் நாங்களாகவே பழகினோம். பிற்காலத்தில் யூரியூப் வந்தது. பிறந்தநாள் வீடுகளில் சிலோன் மனோகரின் 'சுராங்கனி' வாசித்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் இடது கைப் பெருவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் நோ தொடங்கியது. நான் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவன். கை போனால் வேலை போகும். கிற்றாரை எப்படிப் பிடிக்கிறேன் என்று வைத்தியர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதே காலத்தில், பாடசாலையில் வயலின் படிக்கும் மகளோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்க முயன்றேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "அப்பா, நீங்கள் ஓடுறீங்கள். பிறகு திடீரெண்டு நிக்கிறீங்கள்" என்றாள். மணிக்கட்டு நோவைவிட அது கூட நொந்தது.

வகுப்புக்குப் போனேன். வெளியே கதிரைகளில் எட்டு வயதுப் பிள்ளைகள். ஆசிரியைக்கு என் மூத்த மகனின் வயதிருக்கும். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று விடயங்களைச் சொன்னார்.

முதலாவது, அழுத்தம். கிற்றாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கீற்றுகளைப் 'பிரெட்' என்பார்கள். நான் இரண்டு பிரெட்டுகளுக்கு நடுவில் விரலை வைத்து, பெருவிரலால் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தேன். விரலைப் பிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதற்கு நெருக்கமாக வைத்தால் குறைந்த அழுத்தமே போதும். இதை நீங்களும் பரீட்சித்துப் பார்க்கலாம். ஒரு சுரத்தை வாசித்துக்கொண்டே விரலை மெல்லத் தளர்த்துங்கள். தந்தி இரையத் தொடங்கும் இடத்தில் இருந்து ஒரு துளி கூட்டி அழுத்தினால் போதும்.

இரண்டாவது, கருவி. என் கிற்றாரில் தந்திகள் கழுத்தில் இருந்து மிக உயரமாக நின்றன. கடையில் கொடுத்து அதைப் பதித்தோம். முதல் தந்தி 0.013 அங்குலத் தடிப்பாக இருந்த தொகுதியை 0.011 தொகுதியாக மாற்றினோம். இத்தனை வருடமும் என் விரல்தான் பலவீனம் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது, தாளம். கடினமான 'கோட்' மாற்றம் வரும்போது நான் தயங்குவேன். சுலபமான இடத்தில் விரைவேன். தனியாக வாசிக்கும்போது பாட்டு நமக்காகக் காத்து நிற்கும். கூட வாசிப்பவர் காத்து நிற்க முடியாது. மெற்றோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, இரண்டே இரண்டு கோட்டுகளை நாலு நாலு தட்டாக மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னார்.

இவையெல்லாம் யூரியூப்பிலும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அங்கே ஆசிரியரின் கையை நாம் பார்க்கிறோம், நம் கையை ஒருவரும் பார்ப்பதில்லை. என் முழங்கையைத் தொட்டுச் சற்றே முன்னால் நகர்த்தியபோதுதான் மணிக்கட்டு நிமிர்ந்தது.

தானாகப் பழகியது வீண் என்று எண்ண வேண்டாம். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற கிற்றார் கலைஞர் 1928இல் தீவிபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பின், மற்ற இரண்டு விரல்களுக்கு ஏற்ற புதிய முறையைத் தானே உருவாக்கினார். எனக்கும் ஒரு பாட்டைக் கேட்டு அதன் கோட்டுகளைக் கண்டுபிடிக்கும் காது தானாகப் பழகியதால் வந்ததுதான். அதை விட்டுவிடாதீர்கள் என்று ஆசிரியையும் சொன்னார்.

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் முன்னையைவிட மோசமாக வாசித்தேன். பழைய பழக்கம் போகவில்லை, புதியது வரவில்லை. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுவார்கள். பழைய பாட்டுகளைச் சிறிது காலம் ஒதுக்கிவிட்டு, நாளுக்கு 15 நிமிடம் புதிய முறையில் மட்டும் பழகுங்கள்.

ஆசிரியரிடம் போகும்போது தானாகப் பழகியதை மறைக்க வேண்டாம். நோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். எதற்காகப் பழகுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் வாசிப்பைக் கேளாமலே புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறப்பவராக இருந்தால் வேறொருவரைப் பாருங்கள். கிற்றார் வாங்க வசதி இல்லாதவர்கள் நூலகத்தில் விசாரிக்கலாம். ரொறன்ரோ பொது நூலகம் 2016இல் பார்க்டேல் கிளையில் இசைக்கருவிகளை இரவல் கொடுக்கத் தொடங்கியது.

கை நோ இப்போது பெரும்பாலும் இல்லை. சென்ற மாதம் மகளோடு ஒரு பாட்டை முழுவதும் வாசித்தேன். நடுவில் ஒரு கோட் பிழைத்தது. ஆனால் தாளத்தை விடவில்லை. அவளும் நிறுத்தவில்லை.