மழைக்கோட்டு வாங்குமுன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கிறது. அந்நாட்களில் நள்ளிரவில் மடை பார்க்கச் செல்லும் விவசாயிக்கும், உடைந்த ஏரிக்கரையில் மணல் மூட்டை அடுக்கும் பஞ்சாயத்து ஊழியருக்கும் சாக்குக் கொங்காணி போதாது. நனைந்த சாக்கு சுமையைக் கூட்டுமேயன்றி உடலைக் காக்காது.

இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி நீர் புகாத துணி செய்யும் முறைக்கு 1823-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மக்கின்டாஷ் உரிமை பெற்றார். அத்துணி வெயிலில் பிசுபிசுத்தது; குளிரில் விறைத்தது. இன்று நைலான், பாலியெஸ்டர் துணிகளின் மீது பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூசப்படுகிறது. துணியற்ற வெறும் பிளாஸ்டிக் கோட்டு மலிவுதான். வேலி முள்ளில் ஒருமுறை சிக்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

பூச்சைவிடத் தையலையே நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஊசித் துளைகளின் வழியேதான் நீர் முதலில் இறங்குகிறது. உட்புறத்தில் தையல் நெடுகிலும் நாடா ஒட்டப்பட்டிருத்தல் அவசியம். பஞ்சாயத்துக்கு மொத்தமாக வாங்குமுன் ஒரு கோட்டை மட்டும் தருவித்து, தோள் தையலைக் குழிவாகப் பிடித்து ஒரு செம்பு நீர் ஊற்றி, கால்மணி நேரம் சென்றபின் அடிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். செலவாவது ஊர்ப் பணம்.

மண்வெட்டி பிடிப்பவருக்கு உள்ளே வியர்வை கோத்துக்கொள்ளும். அதைக் கோட்டின் ஒழுக்கு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். தளர்வான அளவும், அக்குளில் காற்றுத் துளைகளும் இருப்பது நலம். இரவுப் பணிக்கு ஒளிரும் பட்டையுள்ள மஞ்சள் நிறமே ஏற்றது.

ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துப் பூச்சு உரியும். நிழலில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும், இஸ்திரி போடலாகாது.